விலையும் நாதமும்: கிற்றாரை முன்னிறுத்தி ஒரு மெய்யியல் விசாரணை

1

ஒரு பொருளின் விலைக்கும் அதன் மதிப்புக்கும் இடையேயுள்ள தொடர்பு யாது என்னும் வினா மிகப் பழையது. அரிசியையும் துணியையும் குறித்து இவ்வினா எழும்போது அதற்கு விடை கூறும் பொறுப்பைப் பொருளியலாளரிடம் விட்டுவிடலாம். ஓவியத்தையும் இசையையும் குறித்து எழும்போதோ அது மெய்யியலின் வினாவாகிவிடுகிறது. சந்தையின் அளவுகோலுக்கு அடங்காத ஒரு பெறுமதியைக் கலை தன்னகத்தே கொண்டுள்ளது என்பது பரவலான நம்பிக்கை. ஆயின் அக்கலையைப் பிறப்பிக்கும் கருவி சந்தையிலேதான் வாங்கப்படுகிறது. அதற்கு விலைச்சீட்டு உண்டு. அவ்விலையைக் கொடுக்கக்கூடியவரும் கொடுக்க இயலாதவரும் உளர். எனவே இசைக்கருவி என்பது பணத்தின் உலகமும் கலையின் உலகமும் ஒன்றையொன்று சந்திக்கும் இடமாக அமைகின்றது.

இச்சந்திப்பை ஆராய்வதற்குக் கிற்றார் ஏற்றதொரு எடுத்துக்காட்டாகும். யமஹா நிறுவனம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட எப்.ஜி. 800 என்னும் கிற்றார் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 200 டொலருக்கு விற்கப்பட்டது. மாட்டின் நிறுவனம் 1930களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் டி-28 என்பதன் விலை இன்று 3,000 டொலருக்கும் அதிகம். இரண்டும் ஆறு உருக்குத் தந்திகளைக் கொண்டவை. இரண்டும் ஒரே சுருதியிற் கூட்டப்படுவன. வடிவத்திலும் பருமனிலும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. விலையிலோ ஒன்று மற்றையதைப் போலப் பதினைந்து மடங்கு. நாதமும் பதினைந்து மடங்கு இனியது என்று கூற எவரும் துணியார். அவ்வாறாயின் எஞ்சிய பணம் எதன்பொருட்டுக் கொடுக்கப்படுகிறது? மலிவான கருவி விலையுயர்ந்த கருவிக்கு நிகராதல் கூடுமா?

இவ்வினாவுக்கு வழக்கமாக இரு விடைகள் கூறப்படுகின்றன. பொருளின் தரம் விலைக்கு ஏற்றபடியே இருக்கும் என்பது ஒன்று. கருவியில் ஒன்றுமில்லை, கலைஞனின் விரலிலேயே எல்லாம் உண்டு என்பது மற்றையது. இரண்டும் கருவியைப் பற்றிய தீர்ப்புகள் போலத் தோன்றினும், உண்மையில் மனிதரைப் பற்றிய தீர்ப்புகளாகும். முதலாவது விடை, பணமில்லாத மாணவனின் இசை தொடக்கத்திலேயே குறைபட்டது என்று கூறாமற் கூறுகிறது. இரண்டாவது விடை, ஒரு கருவியை உருவாக்குவதில் வாழ்நாளைச் செலவிட்ட கைவினைஞனின் அறிவு பொருட்படுத்தத் தக்கதன்று என்று கூறாமற் கூறுகிறது. ஆகவே இரண்டையும் அறவியல் நோக்கில் பரிசீலிப்பது அவசியமாகின்றது.

2

கருவியின் இயல்பை அறியாது அதன் மதிப்பைப் பேசுதல் பொருந்தாது. மீட்டப்படும் தந்தி தானாக எழுப்பும் ஒலி மிகச் சிறிது. மெல்லிய தந்தி காற்றை அதிகம் அசைப்பதில்லை. தந்தியின் அதிர்வு குதிரை எனப்படும் தாங்கியின் வழியாக மேற்பலகையைச் சென்றடைகிறது. அகன்ற அப்பலகையும் பெட்டியினுள் அடைபட்ட காற்றும் சேர்ந்து அதிரும்போதே கேட்கத்தக்க நாதம் பிறக்கின்றது. மேற்பலகை பாரம் குறைந்ததாயும் அதேவேளை தந்திகளின் இழுவையைத் தாங்கும் விறைப்புடையதாயும் இருத்தல் வேண்டும். இவ்விரு பண்புகளும் ஒருங்கே அமைந்தமையாலேயே ஸ்புறூஸ் என்னும் ஊசியிலை மரம் பெரிதும் விரும்பப்படுகிறது. அதனை ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் தடிப்புக்குச் சீவி, உட்புறத்தே மெல்லிய சட்டங்களை ஒட்டி வலுவூட்டுவர். எவ்விடத்தில் எவ்வளவு மரத்தை நீக்குவது, எவ்விடத்தில் விட்டுவைப்பது என்பதே கைவினைஞனின் தலையாய அறிவாகும்.

மலிவான கருவிகளிற் பலவற்றின் மேற்பலகை ஒட்டுப்பலகையால் ஆனது. மெல்லிய மூன்று தகடுகளைப் பசையிட்டு ஒட்டும்போது பலகை உறுதிபெறுகிறது. ஆனால் அதிரும் ஆற்றல் குன்றுகிறது. ஒற்றைப் பலகையின் நாதம் ஒட்டுப்பலகையின் நாதத்தினும் நிறைவானது என்று பலரும் கூறுவதற்கு இதுவே காரணம். இவ்வேறுபாடு கற்பனையன்று. எனினும் ஒட்டுப்பலகைக்கும் ஒரு நன்மையுண்டு. ஈரலிப்பும் வறட்சியும் மாறிமாறி வரும்போது ஒற்றைப் பலகை வீங்கும், சுருங்கும், சில வேளைகளில் வெடிக்கும். ஒட்டுப்பலகை அவற்றை எளிதிற் பொறுத்துக்கொள்ளும். மேலும், எப்.ஜி. 800 போன்ற கருவிகளில் இன்று ஒற்றை ஸ்புறூஸ் பலகையே மேற்பலகையாக அமைந்துள்ளது. முன்னர் செல்வரின் கருவிக்கே உரியதாயிருந்த ஒரு பண்பு இவ்வாறு எளியோரின் கருவிக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது.

மேற்பலகை இத்துணை முக்கியமுடையதாயின், பின்பலகைக்கும் பக்கப்பலகைகளுக்கும் உள்ள பங்கு யாது? இவ்வினாவுக்குச் செயல்மூலம் விடை காண முயன்றவர் ஸ்பானிய நாட்டின் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோறெஸ் ஆவார். 1817இற் பிறந்து 1892இல் மறைந்த இவர், இன்றைய ஸ்பானியக் கிற்றாரின் அமைப்பை நிலைநிறுத்தியவராகக் கருதப்படுகிறார். 1862ஆம் ஆண்டில் இவர் ஒரு கிற்றாரைச் செய்தார். அதன் மேற்பலகை நன்மரத்தாலானது. பின்புறமும் பக்கங்களும் வெறுங் கடதாசி அட்டையாலானவை. நாதத்தின் ஊற்று மேற்பலகையிலேயே உள்ளது என்பதை மெய்ப்பிக்க அவர் மேற்கொண்ட பரிசோதனை அது. அக்கருவி பார்சலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் இன்றும் பேணப்படுகிறது. கிற்றாரின் மதிப்பைப் பின்பலகை மரத்தின் அருமையால் அளக்கும் வழக்கத்துக்கு எதிராக, அத்துறையின் தலைசிறந்த கைவினைஞர் ஒருவரே விட்டுச்சென்ற சாட்சியம் அது எனலாம்.

3

தோறெஸ் ஒரு கருவியைக் கொண்டு காட்டியதைப் பிற்காலத்தவர் வேறு வழிகளிலும் காட்டியுள்ளனர். அமெரிக்கக் கிற்றார் உற்பத்தியாளரான பொப் ரெயிலர் 1995ஆம் ஆண்டில் ஒரு கருவியைக் காட்சிக்கு வைத்தார். பொருட்களை ஏற்றி இறக்கப் பயன்பட்டுக் கழித்துவிடப்பட்ட மரத்தட்டு ஒன்றின் ஓக் பலகைகளால் அதன் பின்புறமும் பக்கங்களும் செய்யப்பட்டிருந்தன. மேற்பலகையோ கட்டட வேலைக்குரிய சாதாரண மரத்திலிருந்து அறுக்கப்பட்டது. மரம் மட்டுமே நல்ல கிற்றாரை ஆக்குவதில்லை, அதனைக் கையாளும் அறிவே ஆக்குகிறது என்பதை வற்புறுத்துவதே அவரது நோக்கம்.

இத்தகைய செய்கைகள் சிந்தனையைத் தூண்டுவனவாயினும் முறையான நிரூபணங்களாகா. அவ்வகையில் இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஒரே பட்டறையில் ஒரே அமைப்புடன் செய்யப்பட்ட ஆறு கிற்றார்கள் அதிற் பயன்படுத்தப்பட்டன. பின்பலகை, பக்கப்பலகை ஆகியவற்றின் மரம் ஒன்றே அவற்றிடையே வேறுபட்டது. பிறேசில் றோஸ்வூட், இந்திய ஈட்டி மரம், மகோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட் என்பன அம்மரங்கள். அவற்றுட் சில மிக அரியவை. சில எளிதிற் கிடைப்பவை. ஐம்பத்திரண்டு கிற்றார்க் கலைஞர்கள் ஒளி குறைந்த அறையில், உலோகம் ஒட்டுவோர் அணியும் கறுப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டு அவற்றை வாசித்து மதிப்பிட்டனர். மரம் எதுவெனக் காண இயலாத நிலையில், அவர்கள் வழங்கிய மதிப்பீடுகள் ஆறு கருவிகளுக்கும் ஏறத்தாழ ஒரே தரத்தினவாயிருந்தன. அரிய மரத்துக்கு ஈந்த பெருவிலை அவர்களின் செவிக்குப் புலப்படவில்லை.

வயலினைப் பற்றிய ஆய்வுகளும் இதற்கு ஒப்பானவையே. 2012இல் வெளியான ஆய்வொன்றில் இருபத்தொரு வயலின் கலைஞர்கள் கண்ணை மறைத்துக்கொண்டு புதிய கருவிகள் மூன்றையும் பழைய இத்தாலியக் கருவிகள் மூன்றையும் வாசித்தனர். மிகுதியாக விரும்பப்பட்டது புதிய கருவியொன்று. குறைவாக விரும்பப்பட்டது ஸ்ராடிவாரியின் கைவண்ணம் எனப் போற்றப்படும் கருவியொன்று. பத்துத் தனிவாசிப்புக் கலைஞர்களைக் கொண்டு பரிஸ் நகரில் நிகழ்த்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வும் இதே திசையையே காட்டிற்று. பழைய கருவிகளின் விலையோ புதியவற்றின் விலையைப் போலப் பன்மடங்கு.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. மலிவான கிற்றார் விலையுயர்ந்த கிற்றாருக்கு நிகர் என்பதை இவ்வாய்வுகள் நிறுவிவிட்டன என்று கொள்வது தவறு. லங்காஸ்ரர் ஆய்வின் ஆறு கருவிகளும் தேர்ந்த கையாற் செய்யப்பட்டவை. வயலின் ஆய்விற் பயன்பட்ட புதிய கருவிகளும் சிறந்த கைவினைஞரின் ஆக்கங்களே. உழைப்பும் அறிவும் சமமாயிருக்கும்போது பொருளின் அருமையும் பெயரின் பழமையும் நாதத்தைக் கூட்டுவதில்லை என்பது ஒன்றே அவற்றிலிருந்து பெறப்படும் முடிபாகும். உழைப்பும் அறிவும் குன்றினால் நாதம் குன்றாது என்று அவை கூறவில்லை.

4

ஆகவே விலை என்பது ஒற்றைப் பொருளன்று, பலவற்றின் தொகை. அத்தொகையில் ஒரு பகுதி நாதத்துக்குரியது. மேற்பலகையின் தெரிவு, சட்டங்களின் நுணுக்கம், மெட்டுகளின் செம்மை ஆகியவை அதில் அடங்கும். ஒரு பகுதி உழைப்போரின் கூலி. ஒரு பகுதி மரத்தின் அருமை. ஒரு பகுதி அலங்காரம். மற்றுமொரு பகுதி பெயரின் மதிப்பு. செவி இவற்றுள் முதலாவதை மட்டுமே நேரடியாக அறியும். ஏனையவற்றைக் கண்ணும் மனமும் அறிகின்றன; அறிந்தபின் அவை செவியையும் தம்வழி இழுத்துக்கொள்கின்றன.

செவியின் தீர்ப்பு நம்பத்தக்கதா என்னும் ஐயம் இங்கே எழுகின்றது. டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட சுவையின் நியமம் பற்றிய கட்டுரையில், டொன் கிஹோட்டே நவீனத்திலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். மிடாவொன்றிலிருந்த மதுவை இருவர் சுவைத்தனர். நல்ல மதுதான், ஆயினும் தோலின் சாயல் சிறிது உண்டு என்றார் ஒருவர். இரும்பின் சாயல் உண்டு என்றார் மற்றவர். இருவரையும் கூடியிருந்தோர் எள்ளி நகைத்தனர். மிடா வெறுமையானபோது அதன் அடியில் தோல்வார் கட்டிய இரும்புத் திறப்பொன்று கிடந்தது. நுண்சுவை என்பது பாசாங்கன்று, பொருளிலே உள்ள வேறுபாட்டை உணரும் ஆற்றலே அது என்பதே ஹியூம் உணர்த்த விரும்பியது. இதனை மறுப்பதற்கில்லை. பயின்ற செவி ஒட்டுப்பலகையின் மந்தமான ஒலியைக் கண்டறியும். மெல்ல மீட்டும்போதும் வலிந்து மீட்டும்போதும் கருவி தரும் பதிலிலுள்ள வேறுபாட்டையும் உணரும். விரலே எல்லாம் என்போர் இந்தத் திறப்பைக் காண மறுக்கிறார்கள்.

எனினும் மிடாவில் திறப்பு இல்லாதபோதும் திறப்பின் சுவையை உணர்வதாக எண்ணும் வேறொரு பழக்கம் உண்டு. தோர்ஸ்ரீன் வெப்லன் 1899இல் எழுதிய ஓய்வு வர்க்கம் பற்றிய நூலில் இதனை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கினார். கையாற் செய்த வெள்ளிக் கரண்டியையும் இயந்திரத்தாற் செய்த அலுமினியக் கரண்டியையும் அவர் ஒப்பிட்டார். உணவை எடுத்துண்ணும் பணியில் இரண்டும் சமம். வெள்ளிக் கரண்டியே அழகியது என்று கூறுவோர், அது உண்மையில் மலிவான உலோகத்தாலான போலி என அறிந்த கணத்திலேயே அதன் அழகிற் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றனர். கரண்டியின் வடிவம் மாறவில்லை. அதன் விலை பற்றிய அறிவே மாறியது. 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. ஒரே மதுவை வெவ்வேறு விலைகளைக் கூறிச் சுவைக்கக் கொடுத்தபோது, விலை உயர்ந்ததெனக் கூறப்பட்டதையே மக்கள் கூடுதலாக விரும்பினர். அவர்கள் பொய் கூறவில்லை. இன்பவுணர்வோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் செயற்பாடும் அதற்கேற்பக் கூடியிருந்தது. விலை சுவைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது.

ஹியூமின் கதையும் வெப்லனின் கரண்டியும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. கேட்கத்தக்க வேறுபாடும் உண்டு. கேட்டதாக எண்ணப்படும் வேறுபாடும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது நேர்மையின்பாற்பட்ட கடமை. அதனைச் செய்யாது விலையையே தீர்ப்பாக ஏற்பவர், தமது செவியைப் பிறரிடம் ஒப்படைத்துவிடுகிறார்.

5

தரத்தைப் பற்றிய பேச்சு எவ்வாறு உரிமையைப் பற்றிய பேச்சாக மாறுகிறது என்பதற்குக் கிற்றாரின் வரலாற்றிலேயே சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யேர்மனியின் மார்க்நொய்கிர்சென் என்னும் ஊரில் வயலின் செய்வோர் சங்கத்துக்கும் தளபாடம் செய்யும் தச்சர் சங்கத்துக்கும் இடையே ஒரு வழக்கு நிகழ்ந்தது. கிற்றார் செய்யும் உரிமை தமக்கே உரியது என்றனர் வயலின் செய்வோர். தாம் பண்பட்ட இரசனையுடைய கலைஞர் என்றும், தச்சர் தளபாடம் செய்யும் வெறுந் தொழிலாளர் என்றும் அவர்கள் வாதிட்டனர். அத்தச்சர் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த கிறிஸ்ரியன் பிரெடரிக் மாட்டின், வியன்னாவில் புகழ்பெற்ற கைவினைஞரிடம் பயின்றவர். அவர் 1833இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். இன்று பெருவிலைக்கு விற்கப்படும் மாட்டின் கிற்றார்கள் அவர் தொடங்கிய பட்டறையின் வழிவந்தவையே. ஒரு காலத்திற் கீழானவரின் கைவேலை என இகழப்பட்டது பிறிதொரு காலத்தில் மேன்மையின் அளவுகோலாயிற்று. தரத்தின் பெயரால் வழங்கப்படும் தீர்ப்புகளிற் சமூக ஏற்றத்தாழ்வு எவ்வளவு கலந்துள்ளது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

அமெரிக்காவிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் மலிவான கிற்றார்கள் பெருந்தொகையாக உற்பத்தியாயின. சிக்காகோவின் ஹார்மனி தொழிற்சாலையும், ஸ்ரெல்லா என்னும் பெயரில் விற்ற ஜெர்சி நகரின் ஒஸ்கார் ஷ்மித் நிறுவனமும் இவற்றுட் குறிப்பிடத்தக்கவை. தபால்மூலம் பொருள் விற்ற சியர்ஸ் நிறுவனத்தின் விலைப்பட்டியல் வழியாகத் தென்மாநிலங்களின் கிராமங்களுக்கும் கிற்றார் சென்றடைந்தது. கறுப்பின மக்களுக்குப் பல கதவுகள் அடைக்கப்பட்டிருந்த அக்காலத்தில், அவர்களின் புளூஸ் இசை வளர்ந்தது பெரும்பாலும் இத்தகைய எளிய கருவிகளிலேயே. லெட்பெலி எனப் புகழ்பெற்ற பாடகர் மீட்டியது பன்னிரு தந்திகளையுடைய ஸ்ரெல்லா கிற்றார். 1936இலும் 1937இலும் ரெக்சாஸ் மாநிலத்திற் பாடல்களைப் பதிவுசெய்த றோபேட் ஜோன்சனின் புகைப்படமொன்றிற் காணப்படுவது கலமசூ என்னும் பெயருடைய கிற்றார் எனக் கருதப்படுகிறது. பொருளாதார மந்தக் காலத்தில் கிப்சன் நிறுவனம் தனது பெயரைப் பொறிக்காது மலிவாக விற்ற கருவி அது. ஒரே தொழிற்சாலை, பெயரும் விலையும் வேறு.

இவ்வரலாற்றைக் கூறி, கலைக்கு வறுமையே ஏற்ற நிலம் என்று முடிக்கும் வழக்கமும் உண்டு. அது இரக்கமற்ற முடிவு. தந்திகள் பலகையிலிருந்து அளவுக்கு மீறி உயர்ந்து நிற்கும் கருவியில் பயிலும் மாணவனின் விரல்கள் நோகும். மெட்டுகள் சரியான இடத்தில் இல்லாவிடின் சுருதி ஒருபோதும் சேராது. கழுத்து வளைந்த கருவியில் எவ்வளவு பயின்றாலும் இசை கைகூடாது. குறை தன்னிடமே உள்ளது என எண்ணி அவன் கருவியைக் கைவிட்டுவிடுவான். அவ்வாறு கைவிட்டோரை வரலாறு பதிவுசெய்வதில்லை. தடையை வென்ற ஒருவரின் புகழைக் கொண்டு, தடையினால் வீழ்ந்த பலரின் இழப்பை நியாயப்படுத்தல் ஆகாது. கருவி மட்டமாயினும் போதும் என்று பிறருக்கு உபதேசிப்போர் பெரும்பாலும் நல்ல கருவி வைத்திருப்போரே என்பதும் சிந்திக்கத்தக்கது.

ஆகவே போதுமை என்னும் கருத்து இங்கு முதன்மை பெறுகின்றது. சுருதி பிசகாமை, விரலுக்கு இணக்கம், தெளிவான நாதம் ஆகிய மூன்றும் அமைந்த எல்லையே போதுமை எனப்படும். அவ்வெல்லைக்குக் கீழே மலிவு என்பது ஒருவகை அநீதி. எல்லைக்கு மேலே விலை ஏற ஏற நாதத்திற் கிடைக்கும் மிகை குறைந்துகொண்டே செல்கிறது. பொருளியலாளர் கூறும் குறைந்து செல் பயன்பாட்டு விதியின் தன்மையை இதிற் காணலாம்.

இவ்வெல்லை காலந்தோறும் கீழிறங்கி வந்துள்ளமை மகிழ்ச்சிக்குரியது. 1966இல் யப்பானில் யமஹா நிறுவனம் எப்.ஜி. 180 என்னும் ஒட்டுப்பலகைக் கிற்றாரை வெளியிட்டது. அதன் உடன்பிறப்பான எப்.ஜி. 150ஐ மீட்டியே 1969ஆம் ஆண்டின் வூட்ஸ்ரொக் விழாவில் கண்ட்ரி ஜோ மக்டொனல்ட் பெருந்திரளான மக்கள்முன் பாடினார். கணினியால் இயக்கப்படும் வெட்டும் இயந்திரங்கள் வந்தபின் மெட்டுகளின் இடைவெளி எளிய கருவியிலும் பிழையற அமைகின்றது. கழுத்தின் வளைவைச் சீராக்கும் உருக்குக் கம்பியை மாட்டின் நிறுவனம் தனது கருவிகளில் ஏற்றது 1985இலேயே. இன்றைய மலிவான கிற்றார்களிலும் அது காணப்படுகிறது. தந்தியின் உயரத்தைத் திருத்துவதற்குத் தேர்ந்த ஒருவரின் சிறிது நேர உழைப்பே போதுமானது. அச்சிறு செலவு பெருவிலையின் பல நன்மைகளை ஈட்டித்தரும். விலையுயர்ந்த கருவிக்கு மலிவான கருவி எல்லாவற்றிலும் நிகராகாது. ஆயினும் இசைக்கு இன்றியமையாதவற்றில் அது நிகராதல் கூடும்.

6

இதுவரை கூறியது வாங்குவோரின் நோக்கிலிருந்து எழுந்தது. கருவியின் விலையில் அடங்காத செலவுகளும் உண்டு என்பதை நோக்கினாலன்றி விசாரணை நிறைவுறாது.

அரிய மரத்தின்மீது கொண்ட மோகம் காடுகளை அழித்தது. பிறேசில் றோஸ்வூட் அருகிப்போனபோது மாட்டின் நிறுவனம் 1969இல் தென்னிந்தியக் காடுகளின் ஈட்டி மரத்துக்கு மாறிற்று. 1992இல் பிறேசில் றோஸ்வூட்டின் சர்வதேச வர்த்தகம் கடுமையாகத் தடைசெய்யப்பட்டது. விரற்பலகைக்கு ஏற்றதெனப் போற்றப்பட்ட கருங்காலியின் கதை இன்னும் துயரமானது. கமரூனில் 2011இல் ஒரு மர ஆலையை வாங்கிய ரெயிலர் நிறுவனத்தார், அங்கு நிலவிய வழக்கத்தை மறு ஆண்டில் வெளிப்படுத்தினர். முற்றிலும் கரிய மரத்துக்கே சந்தையில் விலை கிடைத்தமையால், பத்து மரங்களை வெட்டி ஒன்றை மட்டுமே எடுத்து, சாம்பற் கோடுகள் ஓடிய ஏனையவற்றைக் காட்டிலேயே விட்டுவந்தனர். கோடுகளுள்ள கருங்காலிக்கும் கரிய கருங்காலிக்கும் இசைக்கும் பணியில் வேறுபாடில்லை; நிறத்தின்பொருட்டே அந்த ஒன்பது மரங்கள் வீழ்ந்தன. வெப்லனின் கரண்டி இங்கே காட்டையே அழிக்கும் கோடரியாகிவிடுகிறது.

மலிவான கருவியும் குற்றமற்றதன்று. அதன் விலை குறைந்தமைக்கு இயந்திரமும் பேரளவு உற்பத்தியும் ஒரு காரணம். தொலைநாட்டுத் தொழிலாளரின் குறைந்த கூலி பிறிதொரு காரணம். சீனாவிலும் இந்தோனேசியாவிலும் அக்கருவிகளை உருவாக்குவோரின் பெயர் எந்தக் கருவியிலும் பொறிக்கப்படுவதில்லை. மாக்ஸ் பண்டங்களைப் பற்றிக் கூறியது இங்கு நினைவுக்கு வருகிறது: பண்டத்தின் பெறுமதி அதன் சொந்த இயல்புபோலத் தோற்றமளிக்க, அதனுள் உறைந்துள்ள மனித உழைப்பும் உறவுகளும் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. விலையுயர்ந்த கருவி அழிந்த மரத்தையும், மலிவான கருவி பெயரற்ற தொழிலாளியையும் மறைக்கக்கூடும். எது சிறந்தது என்று கேட்போர் இவ்விரண்டையும் கணக்கிற் கொள்வது கடமை.

7

அரிஸ்டோட்டில் தமது அரசியல் நூலின் மூன்றாம் பகுதியில் குழலை உதாரணமாகக் காட்டி ஒரு வினாவை எழுப்புகிறார். சிறந்த குழல்கள் யாருக்கு உரியவை? உயர்குடியிற் பிறந்தோருக்கோ அழகு மிக்கோருக்கோ அல்ல. சிறப்பாகக் குழல் வாசிப்போருக்கே உரியவை என்பது அவர் கூறும் விடை. கருவி அதன் பணிக்கு உரியது. ஆகவே பணியைச் செய்யவல்லவரிடமே அது சேர்தல் வேண்டும். செல்வமும் பிறப்பும் இசையின் உலகத்திற்குப் புறம்பான தகுதிகள்.

அமர்த்தியா சென் 2009இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் இவ்வினாவை வேறொரு வடிவிற் காணலாம். ஒரு குழலுக்கு மூன்று சிறுவர்கள் உரிமை கோருகின்றனர். ஒருத்திக்கு வாசிக்கத் தெரியும். ஒருவனுக்கு விளையாட வேறெதுவும் இல்லை. மற்றொருத்தியோ அதனைத் தன் கையாற் செய்தவள். மூன்று கோரிக்கைகளுக்கும் நியாயம் உண்டு என்பதே சென் காட்டும் இடர்ப்பாடு. கலைஞன், வறியோன், தொழிலாளி என்னும் மூவரின் கோரிக்கைகள் அவை. கிற்றாரின் விலை பற்றிய வினாவிலும் இம்மூவரே நிற்கின்றனர். பணம் உடையோன் என்னும் நான்காமவன் சென்னின் உதாரணத்தில் இடம்பெறவில்லை. சந்தையிலோ அந்த நான்காமவனின் கோரிக்கையே முதலில் நிறைவேறுகிறது.

போதுமை பெற்ற மலிவான கருவியின் அறவியல் முக்கியத்துவம் இங்கேயே உள்ளது. ஒரே குழலுக்கு மூவர் போட்டியிடும் நிலையை அது தளர்த்துகிறது. வாசிக்க வல்லவனும் வறியவனும் ஒரே ஆளாயிருக்கும்போது, அவனுக்கும் இசைக்கும் இடையே நின்ற சுவரை அது தாழ்த்துகிறது. மிகச் சிறந்த கருவியை எல்லோருக்கும் வழங்கச் சமூகத்தால் இயலாது போகலாம். போதுமான கருவியை எல்லோருக்கும் எட்டச்செய்ய இயலும். அதனைச் செய்த தொழிலாளிக்கு உரிய கூலியைக் கொடுத்தே செய்ய இயலும்.

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைக் கற்றோர் இதனோடு ஒத்ததொரு காட்சியை அறிவர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்நூலின் தொடக்கத்திலேயே பாணனின் யாழை உறுப்புறுப்பாக வருணிக்கிறார். தேர்ந்த கைவினையின் விளைவு அது. அதே நூலின் பிறிதோரிடத்தில் ஓர் இடையன் தோன்றுகிறான். குழலூதிச் சலித்தபின் அவன் குமிழங்கொம்பை வளைத்து, மரல்நாரை நரம்பாகக் கட்டி, அவ்வில்யாழில் பண் இசைக்கிறான். அக்கருவிக்கு விலையே இல்லை. புலவர் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றைத் தாழ்த்தவில்லை. வில்யாழ் பேரியாழுக்கு நிகர் என்று புனைந்துரைக்கவுமில்லை. பாணனின் கருவியைச் செய்த கைக்கு உரிய மதிப்பை வருணனையால் அளித்தார்; இடையனின் இசையை இசையாகவே ஏற்றார்.

கிற்றாரைப் பற்றிய வினாவுக்கும் இவ்விரு மதிப்புகளையும் ஒருங்கே பேணும் விடையே பொருத்தமானது. நல்ல கைவினைக்கு நல்ல விலை கொடுத்தல் தகும். அவ்விலை வாசிப்போரின் தகுதிக்குச் சான்றாகாது. 200 டொலர்க் கருவியோடு ஒரு மாணவன் மேடையேறும்போது அவையோர் அவன் கையிலிருப்பதன் பெயரைத் தேடாது, லங்காஸ்ரரில் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்த கலைஞரைப் போல, முதலில் அவன் இசையைக் கேட்பார்களாயின், அவனுக்கு அவர்கள் செய்யவேண்டிய நீதியின் முதற்படி நிறைவேறியதாகும்.